பதினாறும் பதினேழும்



மன்னர் பரம்பரைகளுக்கும் போர்களுக்கும் வரலாறு உண்டு என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஒரு கணக்குக்கும் வரலாறு உண்டு என்றால் சிலர் வியப்படையக்கூடும். கலைப் பட்டதாரியாகிய எனக்குக் கணிதம் சிறப்புப் பாடமன்று. ஆயினும், ஒரு வினா எங்கே பிறந்தது, யாருடைய கையில் வளர்ந்தது, எவ்வாறு முடிவு கண்டது என்று ஆராய்வது வரலாற்று மாணவனுக்குரிய வேலையே அன்றோ? ஒன்று, இரண்டு, மூன்று என அடுத்தடுத்து வரும் முழுவெண்களைப் பற்றிய ஒரு வினாவின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். அவ்வினாவை உலகுக்கு அளித்து அதன் பெரும் பகுதிக்கு விடையும் கண்டவர் ஒரு தமிழர். அவருடைய பெயரை நம் பாடசாலைப் பிள்ளைகளுள் மிகச் சிலரே கேட்டிருப்பர்.

முதலில் பாடசாலையிலிருந்தே தொடங்குவோம். குறிஞ்சாக்கேணியிலாயினும் கொழும்பிலாயினும் அட்சரகணிதம் கற்கத் தொடங்கும் மாணவன் விரைவில் சந்திக்கும் கணக்கு ஒன்று உண்டு. அடுத்தடுத்து வரும் மூன்று எண்களின் கூட்டுத்தொகை 72, அவ்வெண்கள் யாவை? மாணவன் முதலாம் எண்ணை ஓர் எழுத்தாகக் கொள்கிறான். அதனோடு ஒன்றையும் இரண்டையும் கூட்டி ஏனையவற்றை எழுதுகிறான். சமன்பாட்டைத் தீர்த்து 23, 24, 25 என விடை காண்கிறான். விடையின் கீழ் இரண்டு கோடுகளும் இடுகிறான். அத்துடன் கணக்கு முடிந்தது.

ஆனால் அது அங்கே முடிய வேண்டியதில்லை. நடுவெண்ணையே எழுத்தாகக் கொண்டால், ஒருபுறம் ஒன்று குறைய மறுபுறம் ஒன்று மிகுவதால், மூன்றின் கூட்டுத்தொகை நடுவெண்ணின் மும்மடங்காகவே இருத்தல் வேண்டும் என்பது தெரியவரும். 72ஐ மூன்றால் வகுத்தவுடன் நடுவெண் கிடைத்துவிடும். இனி, அடுத்தடுத்து வரும் நான்கு எண்களின் கூட்டுத்தொகை 100 ஆகுமா என்று கேட்போம். எத்தனை முறை முயன்றாலும் ஆகாது. நான்கு எண்களின் கூட்டுத்தொகை முதலெண்ணின் நான்மடங்கோடு ஆறு சேர்ந்ததாகும். ஆகவே அதனை நான்கால் வகுத்தால் எப்பொழுதும் இரண்டு மிஞ்சும். 100ஐ நான்கால் வகுத்தால் மீதியில்லை. முதற்கணக்கில் ஒரு விடையைக் கண்டோம். இரண்டாவதில், விடை இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறிந்தோம். இவ்விரண்டாம் வகை அறிவுக்கே நிறுவல் என்று பெயர். இன்றைய வரலாறு முழுவதும் அதனைப் பற்றியதே.

அடுத்துவரும் எண்களைப் பற்றிய சிந்தனை நம் பக்கத்து நாடுகளில் மிகப் பழையது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனனம் செய்து எண்களின் வரிசையை நாவிலே ஏற்றிக்கொண்டனர். அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே, 499ஆம் ஆண்டளவில், ஆரியபட்டர் தாம் இயற்றிய ஆரியபட்டீயம் என்னும் வடமொழி நூலில், ஒன்று முதல் வரிசையாக வரும் எண்களையும், அவற்றின் வர்க்கங்களையும், கனங்களையும் கூட்டுவதற்குரிய விதிகளைச் சுருக்கமாக உரைத்தார். ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண்களின் கனங்கள் 1, 8, 27, 64 ஆகும். இவற்றின் கூட்டுத்தொகை 100. அந்நான்கு எண்களையும் கூட்டினால் 10. அதன் வர்க்கமும் 100. எத்தனை எண்கள் வரை சென்றாலும் இப்பொருத்தம் பிழைப்பதில்லை என்பது ஆரியபட்டரின் விதி.

அதே நூலில் இன்னொரு முறையும் காணப்படுகிறது. ஓர் எண்ணை ஒன்றால் வகுத்தால் இன்ன மீதி, மற்றொன்றால் வகுத்தால் இன்ன மீதி என்று மட்டும் தெரிந்தால், அவ்வெண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? இம்முறைக்குப் பின்வந்தோர் குட்டகம் என்று பெயரிட்டனர். இடித்துப் பொடியாக்குதல் என்பது அச்சொல்லின் பொருள். பெரிய எண்களைச் சிறிது சிறிதாக இடித்துச் சிறியனவாக்கி விடை காண்பதால் அப்பெயர் பொருந்தியது. நேயர்கள் இம்முறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். சற்று நேரத்தில் இது நமக்குத் தேவைப்படும்.

அடுத்துவரும் எண்களைக் கூட்டுவது எளிது. பெருக்கிப் பார்த்தால் வினாக்கள் கடுமையாகின்றன. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் 6. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் 12. நான்கையும் ஐந்தையும் பெருக்கினால் 20. இவற்றுள் எதுவும் வர்க்க எண் அன்று. அடுத்துவரும் எண்களைப் பெருக்கி ஒரு வர்க்கத்தையோ கனத்தையோ வேறொரு வலுவையோ பெற முடியுமா? நெடுங்காலம் கணித அறிஞரின் உறக்கத்தைக் கெடுத்த வினா இது.

இதில் உதவுவது ஓர் எளிய உண்மை. இரண்டு எண்களை ஒரே எண் மீதியின்றி வகுக்குமாயின், அவற்றின் வித்தியாசத்தையும் அது வகுக்கும். அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம் ஒன்றே. ஆகவே அவற்றுக்கு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இருத்தல் இயலாது. 8க்கும் 9க்கும் பொதுக் காரணி இல்லை. 2499க்கும் 2500க்கும் இல்லை. பொதுக் காரணியற்ற இரண்டு எண்களின் பெருக்கம் வர்க்கமாக வேண்டுமானால் அவை தனித்தனியே வர்க்கங்களாக இருத்தல் வேண்டும். ஒன்றும் அதற்கு மேற்பட்டதுமான எண்களுள் அடுத்தடுத்து வரும் இரண்டு வர்க்கங்கள் இல்லை. எனவே இரண்டு எண்களைப் பொறுத்தவரை வினா தீர்ந்தது. மூன்று எண்களில், நடுவெண்ணுக்கு இருபுறத்து எண்களோடும் வித்தியாசம் ஒன்றே. ஆகையால் அது ஏனைய இரண்டோடும் பொதுக் காரணியின்றி நிற்கும். அங்கும் இதே வழியில் முடிவு காணலாம்.

இங்கே தோன்றும் கருத்தைக் கவனியுங்கள். அடுத்துவரும் எண்களின் வரிசை ஒன்றில், ஏனைய எல்லா எண்களோடும் பொதுக் காரணியின்றித் தனித்து நிற்கும் ஓர் எண் உண்டானால், பெருக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது பெருந்துணையாகும். அத்தகைய எண்ணை நம் வசதிக்காகத் தனித்த எண் என்று அழைப்போம். 24, 25, 26, 27, 28 என்னும் ஐந்தில் 25 தனித்தது. அதன் ஒரே முதன்மைக் காரணி ஐந்து. ஐந்தின் வேறெந்த மடங்கும் அவ்வரிசையில் இல்லை. அப்படியானால், எவ்வளவு நீண்ட வரிசையை எடுத்தாலும் ஒரு தனித்த எண்ணாவது இருக்குமா? இவ்வினாவை எடுத்து ஆராய்ந்தவரே சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை என்னும் தமிழர்.

அவர் தமிழகத்தில் குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள வல்லம் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆம் நாள் பிறந்தார். பிறந்து ஓராண்டுக்குள் தாயை இழந்தார். செங்கோட்டையில் பயின்ற காலத்தில் சாத்திரியார் என்னும் ஆசிரியர் ஒருவர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். பாடசாலைப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் மறையவே, அவ்வாசிரியரே பொருளுதவி செய்து படிப்பு நின்றுவிடாமற் காத்தார். நாகர்கோவில் ஸ்கொட் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்ற பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து பேராசிரியர் ஆனந்தராவ் அவர்களின் வழிகாட்டலைப் பெற்றார். 1929இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவருடைய சிறந்த ஆராய்ச்சிகள் பல உருவானது அங்கேதான்.

கணித உலகம் அவரை முதலில் மதித்தது வேறொரு வினாவுக்காக. எந்த முழுவெண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டாகவோ எழுதலாம். ஏனைய வலுக்களுக்கும் இவ்வாறே ஓர் அளவு உண்டு என்று 1770ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு வாரிங் என்பவர் நிறுவாமலே கூறிச் சென்றார். ஒவ்வொரு வலுவுக்கும் அவ்வளவு எத்தனை என்று கணக்கிடுவது பெரும்பாடாயிற்று. 1930களில் பிள்ளை அண்ணாமலையிலிருந்தும், டிக்சன் என்பவர் அமெரிக்காவிலிருந்தும், ஒருவர் வழியை மற்றவர் பின்பற்றாமலே இதன் பெரும் பகுதியைத் தீர்த்தனர். ஆறாம் வலுவுக்கு அவ்வளவு 73 என்பதை 1940இல் நிறுவியவர் பிள்ளையே.

அதே 1940ஆம் ஆண்டில், சேர் சி. வி. இராமன் 1934இல் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில், அடுத்துவரும் முழுவெண்களைப் பற்றிய பிள்ளையின் கட்டுரைகள் வெளிவரலாயின. அவர் கண்ட முடிவு இது: அடுத்துவரும் எண்கள் பதினாறோ அதனிற் குறைவோ ஆயின், வரிசை எங்கே தொடங்கினாலும், அதில் ஒரு தனித்த எண்ணாவது கட்டாயம் இருக்கும். பதினேழு எண்களாயின் அவ்வுறுதி இல்லை, தனித்த எண் ஒன்றேனும் இல்லாத வரிசைகள் உண்டு, அவையும் எண்ணிறந்தன.

பதினாறு பேறுகளையும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்துவது தமிழர் மரபு. எண்களின் உலகிலும் பதினாறு வரையில் ஒரு பேறு நிலைத்திருக்கிறது. பதினேழில் அது கலைகிறது. நாம் வரிசைகளை எழுதிச் சோதித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? பதினேழு எண்களை எடுத்து ஒன்றிலிருந்து தொடங்குவோம். தனித்த எண் இருக்கும். இரண்டிலிருந்து, நூறிலிருந்து, ஆயிரத்திலிருந்து, இரண்டாயிரத்திலிருந்து தொடங்குவோம், அப்பொழுதும் இருக்கும். இரண்டாயிரம் முறை உண்மையென்று கண்ட ஒன்றை உலக நியதி என்று நம்பிவிட யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் 2184இல் தொடங்கி 2200இல் முடியும் பதினேழு எண்களில் அந்நம்பிக்கை உடைந்துவிடுகிறது. அதுவே முதலில் உடையும் இடம்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தாளும் எழுதுகோலும் இல்லாத நேயர்களும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, நம் திருகோணமலைத் துறைக்குச் செல்வோம். அங்கே ஆறு தோணிகள் வந்து போவதாகக் கற்பனை செய்யுங்கள். முதலாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை வருவது. ஏனையவை முறையே மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று நாட்களுக்கு ஒருமுறை வருவன. இவை முதன்மை எண்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை வரும் தோணி நமக்கு வேண்டியதில்லை; அது வரும் நாளெல்லாம் இரண்டு நாள் தோணி ஏற்கனவே வந்திருக்கும். பதினேழு நாளுக்கு ஒருமுறை வரும் தோணியும் வேண்டியதில்லை. பதினேழு நாட்களுக்குள் அது இரண்டாம் முறை வர இயலாது.

ஒரு நாளைத் தனித்த நாள் என்று எப்பொழுது சொல்வோம்? அன்று எந்தத் தோணியும் வராவிட்டால் அது தனித்த நாள். அன்று வந்த தோணி குறித்த காலத்துள் வேறெந்த நாளிலும் வராவிட்டாலும் அது தனித்த நாளே. தனித்த நாள் இல்லாதபடி பதினேழு நாட்களையும் ஆறு தோணிகளால் நிரப்புதல் கூடுமா? இதுவே பிள்ளையின் வினா, தோணிகளின் மொழியில்.

முதல் நாளன்று இரண்டு நாள் தோணி வருவதாகக் கொள்வோம். அது 1, 3, 5 என ஒற்றை நாட்கள் ஒன்பதிலும் வந்துவிடும். எஞ்சுபவை இரட்டை நாட்கள் எட்டு. மூன்று நாள் தோணியும் முதல் நாளிலேயே தொடங்கினால், அது 4ஆம், 10ஆம், 16ஆம் நாட்களைக் கவனித்துக்கொள்ளும். ஐந்து நாள் தோணி 2ஆம் நாளில் தொடங்கி 12ஆம் நாளையும் ஏற்றுக்கொள்ளும். இப்போது எஞ்சுபவை 6, 8, 14 என்னும் மூன்று நாட்கள். எஞ்சியிருக்கும் தோணிகளும் மூன்று. ஏழு நாள் தோணி 1ஆம், 8ஆம், 15ஆம் நாட்களில் வரட்டும். பதினொரு நாள் தோணி 6ஆம், 17ஆம் நாட்களில் வரட்டும். பதின்மூன்று நாள் தோணி 1ஆம், 14ஆம் நாட்களில் வரட்டும். எட்டு நாட்களும் நிரம்பின. வெற்றிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தோணியும் இரண்டு முறைக்குக் குறையாமல் வந்துவிட்டது. இரட்டை நாட்கள் எட்டும் மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று என எவ்வளவு செம்மையாகப் பங்கிடப்பட்டுள்ளன பாருங்கள்! பதினாறு நாட்களில் இவ்வாறு பங்கிட எந்த வழியும் இல்லை. தோணிகள் எந்த நாளில் தொடங்கினாலும் ஒரு நாளாவது தனித்து நின்றுவிடும் என்பதே பிள்ளை நிறுவியது.

இனித் தோணிகளை விட்டு எண்களுக்குத் திரும்புவோம். முதல் நாளில் இரண்டு, மூன்று, ஏழு, பதின்மூன்று ஆகிய நான்கு தோணிகளும் வந்தன. ஆகவே நமக்கு வேண்டிய முதலெண் இந்நான்கின் பெருக்கமாகிய 546ஆல் வகுபட வேண்டும். இரண்டாம் நாளில் ஐந்து நாள் தோணி வந்தது. எனவே முதலெண்ணோடு ஒன்றைக் கூட்டினால் ஐந்தால் வகுபட வேண்டும். ஆறாம் நாளில் பதினொரு நாள் தோணி வந்தது. எனவே முதலெண்ணோடு ஐந்தைக் கூட்டினால் பதினொன்றால் வகுபட வேண்டும். இத்தகைய நிபந்தனைகளைக் கொண்டு ஓர் எண்ணைத் தேடுவதே முன்னர் நான் குறிப்பிட்ட குட்டகக் கணக்கு. 546இன் மடங்குகளை வரிசையாகப் பாருங்கள்: 546, 1092, 1638, 2184. ஒன்றைக் கூட்டினால் 547, 1093, 1639 ஆகியவை ஐந்தால் வகுபடா, 2185 வகுபடும். 2184உடன் ஐந்தைக் கூட்டினால் 2189. அது பதினொன்றின் 199 மடங்கு. ஆறாம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய வகுத்தல்களைக் கொண்டே அந்த வரிசையை அடைந்துவிட்டோம். அதனோடு ஆறு முதன்மை எண்களின் பெருக்கமாகிய 30030ஐக் கூட்டினால் 32214 முதல் 32230 வரை அதே தன்மையுள்ள இன்னொரு வரிசை கிடைக்கும். கூட்டிக்கொண்டே போனால் இவ்வகை வரிசைகளுக்கு முடிவே இல்லை.

பதினேழு எண்களுக்கு இவ்வாறு ஒரு வரிசை உண்டு என்பதால் பதினெட்டுக்கும் உண்டு என்று தானாக ஆகிவிடாது. ஒவ்வொரு நீளத்துக்கும் தனியே ஆராய்தல் வேண்டும். பிள்ளை பதினேழு முதல் 430 வரையுள்ள எல்லா நீளங்களுக்கும் அத்தகைய வரிசைகள் உண்டு என நிறுவினார். அதற்கு அப்பாலும் அவ்வாறே இருக்கும் என்று கருதினார். கணிப்பொறி இல்லாத அந்நாளில் இவையனைத்தும் கைக்கணக்கு என்பதை நாம் மறத்தலாகாது. எஞ்சிய பகுதியை 1941இல் அல்பிரட் பிரௌவர் என்பவர் நிறுவி, பதினேழும் அதற்கு மேற்பட்டதுமான எந்த நீளத்துக்கும் அத்தகைய வரிசைகள் உண்டு என முடித்துவைத்தார். பிரௌவர் யூதர்; நாசிகளின் ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் ஜேர்மனியை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றவர். உலகப் போர் மூண்டு கடல்வழிகள் ஆபத்துக்குள்ளாகியிருந்த காலத்தில், சிதம்பரத்துக்கு அருகே எழுந்த ஒரு வினா, நாடிழந்த ஓர் அறிஞரால் பிரின்ஸ்டன் நகரில் முற்றுப்பெற்றது. அறிவின் தொடர்ச்சிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பெருக்கத்தைப் பற்றிய மூல வினா என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். அடுத்துவரும் எண்களின் பெருக்கம் ஒருபோதும் வர்க்கமாகாது என்பதை 1939இல் அங்கேரி நாட்டவராகிய போல் ஏர்டோஷ் நிறுவினார். எந்த வலுவாகவும் ஆகாது என்பதை அவரும் செல்ஃப்ரிட்ஜ் என்னும் அமெரிக்கரும் சேர்ந்து 1975இல் நிறுவினர். நான்கு எண்களைப் பொறுத்தவரை இதனை ஓர் அழகிய வழியில் நாமே காணலாம். 1, 2, 3, 4 ஆகியவற்றின் பெருக்கம் 24. ஒன்று கூட்டினால் 25, ஐந்தின் வர்க்கம். 2, 3, 4, 5 ஆகியவற்றின் பெருக்கம் 120. ஒன்று கூட்டினால் 121, பதினொன்றின் வர்க்கம். அடுத்தது 360, ஒன்று கூட்டினால் 361, பத்தொன்பதின் வர்க்கம். நான்கு எண்களின் பெருக்கம் எப்பொழுதும் ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவாகவே நிற்கும். ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைந்தது தானும் வர்க்கமாதல் இயலாது என்பதை முன்னரே கண்டோம்.

பிள்ளை விட்டுச் சென்ற வினாக்களுள் இன்னும் தீராதது ஒன்று உண்டு. வர்க்கங்கள், கனங்கள் முதலிய எல்லா வலுக்களையும் ஒரே வரிசையாக எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என அது செல்லும். 8க்கும் 9க்கும் இடைவெளி ஒன்று. 25க்கும் 27க்கும் இரண்டு. ஒன்று என்னும் இடைவெளி 8க்கும் 9க்கும் இடையே அன்றி வேறெங்கும் வராது என்று 1844இல் கட்டலான் என்பவர் ஊகித்தார். ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து, 2002இல், ருமேனியாவில் பிறந்த மிஹைலெஸ்கு என்பவர் அதனை நிறுவினார். பிள்ளையின் ஊகம் இதனினும் விரிந்தது. இடைவெளி ஒன்று மட்டுமன்று. எந்த இடைவெளியை எடுத்தாலும் அது சில முறைகளே வரும், முடிவின்றி வருவதில்லை என்றார் அவர். இரண்டு என்னும் இடைவெளிக்குக்கூட இதனை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. உலகின் பெரும் பல்கலைக்கழகங்களில் இவ்வினா பிள்ளையின் பெயராலேயே வழங்குகிறது.

1941இல் அண்ணாமலையை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கும், அதன்பின் கல்கத்தாவுக்கும் சென்ற பிள்ளையை 1950இல் பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையம் ஓராண்டுக்கு அழைத்தது. பிரௌவர் முன்னர்ப் பணியாற்றிய அதே நிலையம் அது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள எண்ணி அவர் விமானமேறினார். 1950ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 31ஆம் நாள், கெய்ரோ நகரை விட்டுப் புறப்பட்ட அவ்விமானம் பாலைநிலத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49. முந்திய நாள் தொடங்கிய மாநாடு அவரின்றியே நடந்தேறியது.

முப்பத்திரண்டு வயதில் மறைந்த இராமானுசனைத் தமிழுலகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும் அவரை ஒரு தெய்வீக விந்தையாகக் காட்டி, கணிதம் அத்தகையோர்க்கே உரியது என்னும் எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் நாம் விதைத்துவிடுகின்றோம். சிவசங்கரநாராயண பிள்ளையின் வரலாறு வேறு வகையான பாடத்தைத் தருகிறது. பெற்றோரை இழந்த ஒரு கிராமத்துச் சிறுவன். அவனைக் கண்டுகொண்ட ஓர் ஆசிரியர். பின்னர் ஒரு விரிவுரையாளரின் அமைதியான உழைப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் ஒரு வினா. இவற்றில் விந்தை எதுவும் இல்லை. நம் ஊர்களிலும் இவை நிகழக்கூடியவை.

அதற்கு ஆசிரியராகிய நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பரீட்சைக்கு நேரம் போதாது என்று அஞ்சி, விடை வந்தவுடன் அடுத்த கணக்குக்குத் தாவும் வழக்கத்தை நம் வகுப்புகளிற் பெரிதும் காண்கின்றோம். 23, 24, 25 என்று விடை கூறிய மாணவனை ஒரு கணம் நிறுத்தி, இது எப்பொழுதும் ஆகுமா, எதுவரை ஆகும், ஆகாத இடம் உண்டா என்று கேட்பதற்கு அதிக நேரம் செல்லாது. பத்து முறை சரியாக வந்தது என்பதற்காக ஒன்றை நம்பிவிடாத மனம் கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. சந்தையிற் கேட்ட செய்தியையும், மேடையிற் கேட்ட வாக்குறுதியையும் ஆராய்ந்து ஏற்கும் குடிமகனுக்கும் அதுவே வேண்டும். பதினாறு வரை உண்மையாக இருந்தது பதினேழில் பொய்த்துப்போகலாம் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவன் எளிதில் ஏமாறமாட்டான்.

இளம் நேயர்களுக்கு ஒரு வேலையை விட்டுச் செல்கின்றேன். 2184 முதல் 2200 வரையுள்ள எண்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதனோடு பொதுக் காரணியுடைய துணை எண் ஒன்றைத் தேடுங்கள். அவ்வரிசைக்கும் 32214இல் தொடங்கும் வரிசைக்கும் இடையே, தனித்த எண் இல்லாத பதினேழின் வரிசை இன்னும் ஒன்று மறைந்திருக்கிறது. அது முதல் வரிசையின் கண்ணாடி நிழல். 30030இலிருந்து கழித்துப் பார்ப்போர் அதனைக் காண்பர். கண்டபின், அது ஏன் அவ்வாறு அமைகிறது என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.